உடைப்பை அடைத்த பிறகு

இரவு 2 மணி. வார்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. செவிலியர் வந்து நோயாளியின் தோளைத் தொட்டு எழுப்பி, உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளை வைக்கிறார். பக்கத்தில் ஸ்டூலில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்த மனைவிக்கு மனசு பொறுக்கவில்லை. "இப்பத்தானுங்க சிஸ்டர் தூங்குனாரு. விடிஞ்சதும் குடுத்தா ஆகாதுங்களா?"

ஆகாது. அந்த மாத்திரையின் பெயர் நிமோடிபின். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், அதாவது 30 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. நாளைக்கு 6 வேளை, 21 நாள். கூட்டிப் பார்த்தால் 252 மாத்திரைகள். விழுங்க முடியாதவருக்குப் பொடித்து, மூக்கு வழியாகச் செலுத்திய குழாயில் கொடுக்கிறார்கள். இரத்த அழுத்தம் இறங்கினால் 2 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்களே தவிர, எளிதில் நிறுத்துவதில்லை. மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து உயிர் பிழைத்தவருக்கு இந்த மூன்று வாரத் தூக்கக்கேடு ஒரு சில்லறை விஷயம் அல்ல. கை கால் விளங்குமா, பேச்சு நிலைக்குமா என்பது அதிலும் அடங்கியிருக்கிறது.

அந்த மனைவியின் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கும். கோவையின் பெரிய மருத்துவமனை எதிலும், நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றால் அது காதில் விழும். "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. அப்புறம் எதுக்குங்க இத்தன நாளு இங்கயே?"

நியாயமான கேள்வி. இதற்கான பதிலை இரத்தக்குழாய் ஆய்வாளர்கள் கடந்த கால் நூற்றாண்டில் ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். நமது மருத்துவ ஏற்பாடுகளும் காப்பீட்டுக் கணக்குகளும் அந்தப் பதிலுக்குத் தக்கபடி இன்னும் மாறவில்லை என்பதுதான் வருத்தம்.

மூளையின் மேல் சிலந்தி வலை போல ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதற்கும் மூளைக்கும் இடையே தெளிந்த நீர் ஓடுகிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிகள் இந்த நீரில் நனைந்தபடிதான் கிடக்கின்றன. தமனி கிளை பிரியும் இடத்தில் சுவர் நைந்து, சைக்கிள் டியூபில் தேய்ந்த இடம் புடைப்பது போலச் சிலருக்குப் புடைக்கும். அதற்கு அனியூரிசம் என்று பெயர். உலக அளவில் பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. புகையிலையும் கட்டுப்படாத இரத்த அழுத்தமும் சேர்ந்தால் ஆபத்து கூடும். வெடித்தால், தமனியின் முழு வேகத்தோடு இரத்தம் அந்த நீருக்குள் பாயும். பக்கவாதம் என்று நாம் சொல்லும் நோய்களில் இது 20ல் ஒன்றுதான். ஆனால் மற்றவை முதியவர்களைத் தேடி வரும்போது, இது 50 வயதை ஒட்டியவர்களை, சம்பாதித்துக்கொண்டிருப்பவர்களைப் பிடிக்கிறது. அதிலும் பெண்களை அதிகமாக.

வெடித்த இடத்தை அடைக்க இரண்டு வழிகள். மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது ஒன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1937ல் தொடங்கிவைத்தது. தொடை இரத்தக்குழாய் வழியே நுண்குழாயைச் செலுத்தி, பிளாட்டினச் சுருள்களால் புடைப்பை நிரப்புவது இன்னொன்று. இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி 1990ல் கலிபோர்னியாவில் நோயாளிக்குச் செய்தது. 2002ல் வெளியான ஐசாட் ஆய்வில், இரண்டுக்குமே ஏற்றவர்களான 2,143 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம்.

இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். உலகின் தேர்ந்த கைகள் அடைத்தும்கூட, நான்கில் ஒருவர் நலமாகத் திரும்பவில்லை. முதல் வெடிப்பே மூளைக்குச் செய்த சேதம் அதில் ஒரு பங்கு. மற்றொரு பங்கு அடைத்த பிறகு வருவது.

கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கரை உடைகிறது; மணல் மூட்டை அடுக்கி உடைப்பை அடைத்தாயிற்று. நாலு நாள் கழித்துப் பார்த்தால் மேலே உள்ள மதகுகள் ஒவ்வொன்றாகத் தாமே இறங்கிக்கொண்டிருக்கின்றன. கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. பயிர் காய்கிறது. மூளையில் நடப்பது ஏறக்குறைய இதுதான். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, இட்லி சாப்பிட்டு, பேரனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், ஏழாம் நாள் வலது கையைத் தூக்க முடியாமல் திணறுவார். பேச்சு குழறும். குடும்பம் மருத்துவரின் சட்டையைப் பிடிக்கிறது. "நல்லா இருந்த ஆளுக்கு என்னமோ மருந்தக் குடுத்துட்டாங்க."

தமனிகள் இப்படிச் சுருங்குவதை ஆஞ்சியோ படத்தில் முதன்முதலாக விவரித்தவர்கள் எக்கர், ரீமன்ஷ்னைடர் என்ற இரு அமெரிக்கர்கள். ஆண்டு 1951. கசிந்த இரத்தம் கரையும்போது வெளிப்படும் பொருள்கள் குழாயின் வெளிச்சுவரை எரிச்சலூட்டுகின்றன, அதனால் அது சுருங்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அது பொய்யல்ல. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. எரிச்சல்தான் காரணம் என்றால் இரத்தம் பட்டவுடன் அல்லவா சுருங்க வேண்டும்? ஏன் மூன்று நாள் காத்திருந்து, ஏழாம் நாளை ஒட்டி உச்சம் தொட்டு, பதினான்காம் நாள் வாக்கில் தளர்கிறது?

இங்குதான் ஏற்பிகளின் கதை வருகிறது. இரத்தக்குழாயின் தசைச் செல் தானாக மட்டும் சுருங்குவதில்லை. இரத்தத்தில் வரும் வேதித் தூதர்கள் செல்லின் மேல்தோலில் உள்ள ஏற்பிகளைத் தொட்டு, சுருங்கு என்றோ விரி என்றோ சொல்கின்றன. அந்தத் தூதர்களில் மிகவும் வலுவான ஒன்றின் பெயர் எண்டோதீலின். 1988ல் ஜப்பானின் சுகூபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவாவும் தோமோ மசாகியும் அவர்கள் குழுவினரும் இதைப் பிரித்தெடுத்தார்கள். 21 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. மேற்காசியாவில் மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பின் நஞ்சிலும் கிட்டத்தட்ட இதே சங்கிலி இருக்கிறது என்று அதே ஆண்டில் தெரியவந்தது. இரையின் இதயத் தமனிகளை நெரித்துக் கொல்லும் நஞ்சு அது. அதற்கு நெருங்கிய உறவான ஒன்றை நமது இரத்தக்குழாய்களே அளவோடு சுரந்துகொண்டிருக்கின்றன.

எண்டோதீலினுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு: ஏ, பி. இயல்பான மூளைத் தமனியில் ஏ வகை தசையில் இருந்து சுருக்கும்; பி வகை உள்வரிச் செல்களில் இருந்து விரிக்கும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்ஸ் எட்வின்சனும் டென்மார்க்கில் அவரோடு பணியாற்றியவர்களும் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் எலிகளில் மூளையைச் சுற்றி இரத்தக்கசிவை உண்டாக்கி, இரண்டு நாள் கழித்துத் தமனியை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளையங்களாக வெட்டி, இரண்டு மெல்லிய கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டு, எந்தத் தூதருக்கு எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள். உள்வரியில் இருந்து விரிக்க வேண்டிய பி வகை ஏற்பிகள் தசைச் செல்களிலும் புதிதாக முளைத்திருந்தன. அங்கே அவற்றின் வேலை நேர்மாறு: சுருக்குவது. செரடோனினுக்கான 1பி வகை ஏற்பிகளும், ஆஞ்சியோடென்சினுக்கான ஏற்பிகளும்கூடப் பெருகியிருந்தன.

இரத்தமே படாத தமனித் துண்டை ஆய்வுத் தட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தாலும் இதைப் போன்ற மாற்றமே நடந்தது என்பது அதைவிட வியப்பு. கசிந்த இரத்தத்தின் எரிச்சல் ஒன்று மட்டுமே காரணம் என்று இனிச் சொல்ல முடியாது. குழாய்க்குள் ஓட்டம் திடீரெனக் குன்றும் அந்த அதிர்ச்சியே தசைச் செல்லைத் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளத் தூண்டுகிறது.

தாமதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறி வைத்திருப்பவரைக் கேளுங்கள். ஆர்டர் வந்த அன்றே துணி வந்துவிடுமா? பாவு ஓட்ட வேண்டும், தறியில் ஏற்ற வேண்டும், பிறகுதான் நெசவு. ஏற்பி என்பது ஒரு புரதம். மரபணுவில் உள்ள கட்டளை படியெடுக்கப்பட்டு, புரதமாகக் கோக்கப்பட்டு, செல்லின் மேல்தோலில் போய்ப் பொருந்த நாள் பிடிக்கிறது. வெடித்த முதல் சில மணி நேரத்தில் ஆர்டர் போய்விடுகிறது. சரக்கு இறங்குவது மூன்றாம் நாளுக்கு மேல். எலிகளில், இரத்தக்கசிவுக்குச் சில மணி நேரம் கழித்தாவது அந்தக் கட்டளைச் சங்கிலியின் ஒரு கண்ணியை மருந்தால் தடுத்தபோது, புதிய ஏற்பிகள் பெருகவில்லை. மூளைக்கு இரத்த ஓட்டமும் குறையவில்லை. மனிதர்களில் நிரூபணமாகி வார்டுக்கு வர இது இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

வெகுதூரம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? இதே பாதையில் ஏற்கெனவே ஒரு பெரிய ஏமாற்றம் நடந்திருக்கிறது. எண்டோதீலினின் ஏ வகை ஏற்பியை அடைக்கும் கிளாசோசென்டான் என்ற மருந்தை 413 நோயாளிகளிடம் சோதித்து 2008ல் முடிவு வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க சுருக்கம் 66 சதவீதத்திலிருந்து, அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 23 சதவீதமாக இறங்கியது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2011ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த அடுத்த சோதனையில், நோயாளிகள் பிழைத்து நலமாக வீடு திரும்பும் விகிதம் உயரவில்லை. ஜப்பான் 2022ல் அதை அனுமதித்தது. மற்ற நாடுகளில் நடந்த மறுசோதனை 2023ல் மீண்டும் கைவிரித்தது.

நிமோடிபினின் கதை இதற்குத் தலைகீழ். 1989ல் பிரிட்டனில் 554 பேரிடம் நடந்த சோதனையில் மூளைத் திசு செத்தவர்களின் பங்கு 33 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. ஆனால் படத்தில் தெரியும் பெரிய தமனிகளின் சுருக்கத்தை அது அவ்வளவாக மாற்றுவதில்லை. ஒரு மருந்து குழாயை விரித்தது, ஆளைக் காப்பாற்றவில்லை. இன்னொன்று குழாயை விரிக்கவில்லை, ஆளைக் காப்பாற்றியது. அப்படியானால் ஆஞ்சியோ படத்தில் பிடிபடாத நுண்குழாய்களிலும், சிறு இரத்தக் கட்டிகளிலும், மூளை நரம்புகளின் மேல் பரவும் மின்னலைகளிலும் ஆபத்தின் பெரும்பங்கு ஒளிந்திருக்க வேண்டும். பல வகை ஏற்பிகள் ஒன்றாக முளைக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் பூட்டினால் போதாது என்பதும் ஒரு விளக்கம். இந்தப் புதிர் அவிழும்வரை, நம் கையில் உள்ள நிச்சயமான ஆயுதம் கண் விழித்துக் காப்பதுதான். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. மணிக்கொருமுறை கையைத் தூக்கச் சொல்லி, பெயரைக் கேட்டு, கண்மணியில் டார்ச் அடித்துப் பார்ப்பது. இரத்த அழுத்தம் இறங்காமல், உடலில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது. 1982ல் நார்வேயின் ரூன் ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே தமனியின் ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவியைப் பொட்டில் வைத்துப் பார்ப்பது. மாற்றம் தெரிந்த அந்த மணி நேரத்திலேயே இரத்த அழுத்தத்தை உயர்த்தினால், தேவைப்பட்டால் குழாய் வழியே போய்த் தமனியை விரித்தால், அந்த வலது கையை மீட்க வாய்ப்பு உண்டு.

ஆக, இது ஒரு நாள் விபத்து அல்ல. பதினான்கு நாள் நோய். கொங்கு நாட்டில் இந்த நோயை எதிர்கொள்ளும் ஏற்பாடு அனைத்தும் இந்த ஒரு உண்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன்பே நேரம் கரைவதும் உண்டு. அனியூரிசம் வெடித்தால் தலைவலி வரும் விதம் தனி. நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். மண்டையில் இடி விழுந்தது போல, இதுவரை வாழ்நாளில் கண்டிராத வலி. வாந்தி, பிடரி இறுக்கம், சிலருக்கு மயக்கம். திருப்பூரில் இரவு ஷிப்டில் தையல் மெஷின் முன்னால் இது வந்தால் முதலில் கிடைப்பது மெடிக்கல் ஷாப் மாத்திரை. தோட்டத்தில் வந்தால், வெயில், பித்தம், தைலம். கழுத்து இறுகியிருந்தால் சுளுக்கு. இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004ல் தங்களிடம் வந்த 482 பேரின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தபோது, 12 சதவீதம் பேருக்கு முதலில் பார்த்த மருத்துவர் வேறு நோயைச் சொல்லியிருந்தார். பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி என்று.

2024 மார்ச்சில் கோவை மக்கள் இன்னொரு வகை இரத்தக்கசிவைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தார்கள். நான்கு வாரமாகக் கடும் தலைவலி இருந்தும், ஈஷா மையத்தின் ஜக்கி வாசுதேவ் மார்ச் 8 மகா சிவராத்திரி உள்பட எல்லா நிகழ்ச்சிகளையும் நடத்தினார். மார்ச் 17ல் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் மண்டைக்குள் கசிந்த இரத்தத்தை அறுவை செய்து அகற்றினார்கள். அது அனியூரிசம் வெடிப்பு அல்ல. வேறு உறைக்கு அடியில் மெல்லச் சேர்ந்த இரத்தம். அதனால்தான் நான்கு வாரம் பொறுத்தது. தமனி வெடிப்பு அப்படிப் பொறுக்காது. அடைக்காமல் விட்ட புடைப்பு முதல் நாளிலேயே மறுபடி வெடிக்கும் ஆபத்துதான் எல்லாவற்றிலும் பெரியது.

6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, தேர்ந்த கண் பார்த்தால் கிட்டத்தட்ட எந்தக் கசிவும் தப்பாது. கனடாவில் 3,132 பேரிடம் நடந்து 2011ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. 6 மணி நேரம் தாண்டினால் ஏழு பேரில் ஒருவர் தப்பிவிடலாம். அப்போது முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். "முதுகுல ஊசி போட்டா நடை போயிருமுங்க" என்று கையெழுத்துப் போட மறுக்கும் உறவினர்களோடு மன்றாட வேண்டும். வால்பாறையிலிருந்து ஸ்கேனுக்கு வர 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். தாளவாடியிலிருந்து திம்பம் வழியே 27. அங்கிருக்கும் ஒருவருக்கு 6 மணி நேரம் என்பது தாராளமான கணக்கு அல்ல. இடிபோல் வந்த தலைவலிக்கு அன்றே சி.டி. எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியை மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுப்படிக்கே கொண்டுபோகிறது. அத்திட்டத்தின் பெண் ஊழியர்கள் போகும் வீடுகளில் இந்த ஒரு வகைத் தலைவலியைப் பற்றியும் சொல்லலாம்.

ஒரு பழைய நம்பிக்கையும் இங்கே குறுக்கே நிற்கிறது. 1950ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய பா. ராமமூர்த்தி, இந்தியாவில் அனியூரிசம் எந்த அளவு என்பதை 1969ல் அமெரிக்காவின் நரம்பு அறுவை ஆய்விதழில் எழுதினார். மேலை நாடுகளைவிட இங்கே இது அரிது என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. அவர் காலத்தில் சி.டி. இல்லை, வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் மருத்துவமனைக் கணக்கில் ஏறவே இல்லை. ஸ்கேன் பரவிய பிறகு கணக்கில் ஏறுபவர்கள் கூடிவிட்டார்கள். அரிய நோய் என்று அதற்கான படுக்கைகளையும் ஆட்களையும் குறைத்துத் திட்டமிடுவதற்கு இனிச் சாக்கு இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், நீலகிரி மாவட்டங்களின் அரசு, தனியார் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்தால், எத்தனை பேர், எந்த மணி நேரத்தில் வந்தார்கள், ஏழாம் நாள் என்ன ஆயிற்று என்பது இரண்டே ஆண்டில் கையில் இருக்கும்.

காப்பீட்டுக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. 2009ல் விதைத்த இந்தத் திட்டம் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காத்தது. அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று மொத்தமாகக் கட்டும் முறையில், பணம் அறுவையைச் சுற்றித்தான் எடைபோடப்படும். ஆள் எழுந்து உட்கார்ந்த நாலாம் நாளில் படுக்கையைக் காலி செய்யச் சொல்லும் அழுத்தம் மருத்துவமனைக்கும் வரும். "ஊட்டுல இருந்து பாத்துக்கறோமுங்க, வேலைக்குப் போகோணும்" என்று குடும்பத்துக்கும் வரும். ஏற்பிகள் முளைத்து முடித்து, குழாய்கள் இறுகத் தொடங்கும் நாள் அது. இந்த நோய்க்கு மட்டும் பதினான்கு நாள் தீவிரக் கண்காணிப்புக்குத் தனி இனமாக, நாள் கணக்கில் காப்பீடு தர வேண்டும். கூட இருப்பவருக்கு அந்த இரண்டு வாரக் கூலியில் ஒரு பகுதியாவது கிடைத்தால், அவசரமாக டிஸ்சார்ஜ் கேட்பவர்கள் குறைவார்கள்.

2022 ஜனவரியில் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் நீலகிரிக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் கிடைத்தன. அனியூரிசத்தை அடைக்கும் வேலையை அங்கெல்லாம் இப்போதே செய்யச் சொல்வது சரியாகாது. அது ஆண்டுக்கு நிறையப் பேருக்குச் செய்து பழகிய கைகளுக்கு உரியது. அங்கே கண்டுபிடித்து, வலியையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி, நிமோடிபினின் முதல் வேளையைக் கொடுத்து, கோவைக்கு முன்கூட்டியே போனில் சொல்லி அனுப்பினால் போதும். அதற்கு அந்த மாத்திரை அங்கே இருப்பில் இருக்க வேண்டும். மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு, மாவட்டத்துக்குச் சில நூறு அட்டை நிமோடிபின் ஒரு பாரம் அல்ல.

பிறகு ஆள். இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் விடிகாலை 6 மணிக்கும் எழுப்பி மாத்திரை கொடுக்க, கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க, ஒரு செவிலியர் வேண்டும். ஒரே இரவில் முப்பது, நாற்பது படுக்கைகளை ஒருவரே பார்க்கும் வார்டில், 2 மணி வேளை எத்தனை நாள் தவறாமல் நடக்கும்? நரம்பு அறுவை வார்டுகளில் இரவுப் பணிக்கான செவிலியர் எண்ணிக்கையைச் சுகாதாரத் துறை மறுபடி கணக்கிட வேண்டும். கட்டிலில் நோயாளிக்கு ஒன்றாக 21 நாள் அட்டை தொங்க வேண்டும்: 126 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மாத்திரை கொடுத்தவரின் கையெழுத்தும், அந்த நேரத்தில் நோயாளி இரு கையையும் தூக்கினாரா என்ற குறிப்பும்.